மாடிக்கொரு வார்த்தை

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டர் தரைத்தளத்தில் இருக்கிறது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே லிஃப்ட். ஒன்பது வருடமாக நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், ஒன்பது வருடமாக அந்தக் கதவு என் மூஞ்சிக்கு எதிரே திறந்து மூடுகிறது. உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு லிஃப்ட் அக்கா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நைச்சியமாகப் பேச வராது. நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டுக்கு எதற்கு ஆள், பட்டனை நாமே அமுக்கமாட்டோமா என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெச்சர் ஏறும் லிஃப்ட், ஆள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று இங்கே விதி. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், கனத்த குரல், நறுக்கென்று பேச்சு. ஏறுகிறவர்கள் அவசரத்தில், "மேல போகணும்மா" என்பார்கள். "எத்தனாவது மாடின்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரில நின்னுக்கிட்டு மொட்டையா மேல போகணும்னு சொல்லக்கூடாது" என்பாள். அழுதுகொண்டு ஏறியவர்கள்கூடச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கரண்ட் போனது, ஜெனரேட்டரும் காலை வாரியது. உள்ளே அக்கா, ஸ்ட்ரெச்சரில் ஒரு பிணம், பிணத்தோடு வந்த தம்பிக்காரர். ஒன்றரை மணி நேரம். அந்த மனிதர் முதலில் கதவை உதைத்தாராம், பிறகு கத்தினாராம், பிறகு இருட்டில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வெளியே வந்தபோது அக்காவின் புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு டியூட்டி போட்டார்கள், படுபாவிகள். வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து கதவு மூடினாலே அவளுக்கு நெஞ்சை அடைக்கும். "மூச்சு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குதுடி" என்பாள். வேறு வேலை கொடுங்கள் என்று மேனேஜரிடம் நாலு தடவை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார், நாலு தடவையும். வேலையை விட்டுத் தொலைக்கவும் வழியில்லை. அவள் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், இரண்டாம் மாடியில். ஊழியர் குடும்பம் என்பதால் இலவசம். வேலை போனால் அதுவும் போகும். அந்த மனிதரை அவள் லிஃப்டில் அவளே ஏற்றி, அவளே இறக்கிக்கொண்டு போவாள்.

முதல் மாடி மனநல டாக்டர் லிஃப்டில் போகும்போதே அவளுக்கு வைத்தியம் சொன்னார். "கதவு மூடறப்ப மனசை வேற எதுலயாவது போடுங்கம்மா." எதில் போடுவது? மகள் படித்துக் கழித்துப் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. ஆயிரம் வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், ஓர் உதாரண வாக்கியம். அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் படித்த விதம் வேறு யாருக்கும் வராது. காலையில் ஒரு நீளத் தாளில் எட்டு வார்த்தை எழுதுவாள். தரைத்தளம் ஒன்று, மாடி ஏழு, ஆக எட்டு. தாளைப் பட்டன் பலகையின் ஓரத்தில் செருகினால் ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்திலும் ஒரு வார்த்தை வந்து நிற்கும். பட்டனை அமுக்கியதும் அந்த மாடியின் வார்த்தையைப் பார்ப்பாள். கதவு மூடி, லிஃப்ட் ஏறி, மறுபடி கதவு திறப்பதற்குள் அர்த்தமும் சொல்லி, வாக்கியமும் அமைத்துவிட வேண்டும். இது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அதற்குள் மூச்சைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது.

புத்தகத்து வாக்கியங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. ராஜா தாராள மனசுக்காரர், கப்பல் மூழ்கியது என்றெல்லாம் எழுதியிருந்தது. "ராஜாவை நான் எங்கடி பாத்தேன்? கப்பலை எங்க பாத்தேன்?" என்று ஓரங்கட்டிவிட்டாள். அந்தந்த மாடியில் கண்ணால் பார்ப்பதை வைத்துத் தானே செய்தாள். பிரசவ வார்டு மூன்றாம் மாடியில். அங்கே டெலிகேட் என்ற வார்த்தை. மென்மையானது, பார்த்துப் பிடிக்க வேண்டியது. 'தி பேபி இஸ் டெலிகேட், தி ஃபாதர் இஸ் மோர் டெலிகேட்.' ஏழாம் மாடியில் ஆபீஸ். அங்கே ஆப்ஸ்டினேட், அதாவது பிடிவாதம் பிடித்த. 'தி மேனேஜர் இஸ் ஆப்ஸ்டினேட்.' கேட்டுவிட்டு நான் இருமல் மருந்துப் பாட்டிலைக் கீழே போடப் பார்த்தேன்.

மூன்று வருடத்தில் அந்த ஆயிரம் வார்த்தையை ஐந்தாறு சுற்று முடித்துவிட்டாள். எந்தச் சுற்றிலும் எந்த வார்த்தையும் மாடி மாறியது கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் டப்பாவைத் திறக்கும்போது வம்புக்குக் கேட்டேன்.

"ரிலக்டன்ட்னா என்னக்கா?"

டப்பா மூடியைக் கையில் வைத்தபடி லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது முதல் மாடி. அங்க போனா சொல்றேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டேனே, எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

போன வருடம் விசாரணைக் கவுண்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்தக் கவுண்டர் வாசல் கதவுக்குப் பக்கத்தில். காற்று வரும், தெரு தெரியும். நம் ஊழியர்களே மனுப் போடலாம், ஆனால் ஆங்கிலம் வேண்டும், வெளிநாட்டு நோயாளிகள் வருகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா அதை மூன்று முறை படித்தாள்.

"இதுல போயிடணும்டி. இன்னொரு வருஷம் அந்தப் பொட்டிக்குள்ள இருந்தா நான் செத்துருவேன். விளையாட்டுக்குச் சொல்லல" என்றாள்.

எனக்கும் தெரியும், அது விளையாட்டில்லை என்று. "உனக்குத் தெரியாத வார்த்தையா? ஜம்முனு போய் உக்காரப் போற, பாரு" என்றேன்.

இன்டர்வியூ காலை பதினொரு மணிக்கு, ஏழாம் மாடி ஆபீஸில். அது முடியும்வரை வார்டு பாய் ஒருவனை லிஃப்டில் உட்கார வைத்தார்கள். நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது, மூலையில் சாய்ந்து நின்றிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. ஜன்னலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"பத்து வார்த்தை கேட்டாங்க. ஒண்ணுதான்டி வந்துது" என்றாள்.

"எது?"

"ஆப்ஸ்டினேட்."

"ஐயோ! வாக்கியமும் சொன்னியா?"

"வேற வாக்கியம் வரலையே. மேனேஜர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்ட பெரிய டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அவர் சிரிக்கல."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாம் மாடியில் உட்கார வைத்துக் கேட்டால் ஏழாம் மாடி வார்த்தைதான் வரும். மற்ற ஒன்பதும் வேறு மாடிகளில் கிடக்கின்றன. மூன்று வருடம் உயிரைக் கொடுத்துப் படித்தவளை ஒன்றும் தெரியாதவள் என்று அனுப்புவதா? சுருக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. மருந்துக்கு நின்றிருந்தவரிடம், "அஞ்சு நிமிஷம் இருங்க சார், உயிர் போற காரியம்" என்று சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்றுகூட நினைவில்லை.

"சார், நீங்க கேட்ட இடம் தப்பு. இவங்க எல்லாம் லிஃப்ட்லதான் படிச்சாங்க. லிஃப்ட்ல வெச்சுக் கேளுங்க. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா என்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க மருந்துக் கவுண்டர்தானே? அங்க யார் இருக்கா?"

ஆனால் பெரிய டாக்டரம்மாவுக்குக் குஷியாகிவிட்டது. "வாங்க சார், போய்த்தான் பாப்போமே" என்று எழுந்துவிட்டார். வார்டு பாயை இறக்கிவிட்டு நாலு பேரும் ஏறினோம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை தானாகப் பட்டன் பலகைக்குப் போயிற்று.

"ரிலக்டன்ட்" என்றார் மேனேஜர்.

"ஒரு நிமிஷம் சார், அது முதல் மாடி." பட்டனை அமுக்கினாள். கதவு மூடியது. "ரிலக்டன்ட்னா மனசில்லாம. தி பேஷண்ட் இஸ் ரிலக்டன்ட் டு டெல் தி டாக்டர் எவ்ரிதிங்." இன்னும் ஐந்தாம் மாடியைக்கூடத் தாண்டவில்லை.

டாக்டரம்மா கைதட்டினார். "கன்ஸோல்" என்றார். அது ஐந்தாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே போனோம். ஆறுதல் சொல்வது என்றாள். 'வீ கன்ஸோல் தி சன், பட் தி சன் லுக்ஸ் அட் தி க்ளாக்.' டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அப்ரப்ட், அதாவது திடுதிப்பென்று, அது இரண்டாம் மாடி. மேலும் கீழுமாக எங்களை அலைக்கழித்தாள். நடுவில் ஏறியவர்கள் இறங்க மறந்து நின்று கேட்டார்கள். ஒன்பதும் சொன்னாள். அதற்கு மேல் கேட்ட பத்தும் சொன்னாள். தரைத்தளத்தில் கதவு திறந்தபோது உள்ளே இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள், வெளிநாட்டுக்காரர் ஒருவர் உட்பட. நான் அழுதுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார், உட்காரச் சொன்னார்.

"உங்க ஃப்ரெண்ட் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லிஃப்ட்ல இருந்தாத்தான் உங்களுக்கு இங்கிலீஷ் வருது. கவுண்டர்ல உக்கார வெச்சா ஏது மாடி, ஏது பட்டன்? ஒரு வார்த்தை வராது. நேத்து என் கண்ணாலேயே பாத்தேனே. அதனால கவுண்டருக்கு வெளியாள் எடுத்துட்டோம். ஆனா உங்க திறமையை வீணாக்க மாட்டோம். வெளிநாட்டு நோயாளிங்களுக்கு லிஃப்ட்லயே எல்லாம் நீங்க எடுத்துச் சொல்லலாம். லிஃப்ட் வழிகாட்டின்னு புதுப் பதவி, புது கோட். டாக்டரம்மா ரொம்ப ஆசைப்படறாங்க."

"சார், அவங்களுக்கு அங்க மூச்சு முட்டுது. நாலு தடவை எழுதிக் கொடுத்தாங்களே" என்றேன்.

"நேத்து நல்லாத்தானே இருந்தாங்க? சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களே."

லிஃப்டில் வைத்துக் கேளுங்கள் என்று நான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அக்கா கோட்டை வாங்கிக்கொண்டாள். நீலக் கோட், தோளில் கொஞ்சம் பெரிது.

ஒரு வாரம் அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் குனிந்து மாத்திரை எண்ணுவேன். அவள் வீட்டுக்காரரை டயாலிசிஸ் முடித்து இறக்கிக்கொண்டு வந்த அன்று, அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவளே ஜன்னலுக்கு வந்தாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிரு அக்கா. என்னாலதான் எல்லாம். அன்னிக்கு என் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றேன்.

"உன்னைத் திட்டி என்னடி ஆகப்போகுது?" என்றாள். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "நீ வரலன்னா இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு அனுப்பியிருப்பாங்க. இன்னும் நல்லாப் படிச்சுட்டு வரேன் சார்னு அடுத்த வருஷம் கேட்டிருப்பேன். இப்ப எல்லாம் தெரியும்னு ஆயிடுச்சே. இனிமே என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

மூன்றாம் மாடியில் யாரோ விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள், கதவு மூடியது, சீட்டை நீட்டிக்கொண்டு நின்றவருக்கு நான் மாத்திரை எடுக்கத் திரும்பினேன்.