நாலாம் எண் தோட்டம்

எல்லோரும் இலவசமாகப் படிக்கிற பத்திரிகையில் ஆய்வுக் கட்டுரை போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. சந்தா கட்டினால்தான் திறக்கும் பத்திரிகையில் வருவதே ஆராய்ச்சி என்று நினைத்திருந்தேன். எங்கள் கல்லூரியே அந்தச் சந்தாவைக் கட்டவில்லை. என் பழைய கட்டுரைகளை என்னாலேயே திறந்து படிக்க முடியாது. அதுகூட உறைக்காத அளவுக்கு மிதப்பு!

வாழை வாடல் நோய் பற்றி நானும் பக்கத்து மேஜைத் தோழியும் சேர்ந்து எழுதினோம். இலவசப் பத்திரிகைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"எழுதறவங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டு கண்டதையும் போடுவாங்களே, அந்தக் கும்பல்தானே?" என்றேன்.

"எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்காதடி. கொள்ளிடக் கரையில தோட்டந்தோட்டமா அலைஞ்சோமே, அவங்க படிக்க வேண்டாமா?"

"ஆமா, இதைப் படிக்கத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க!"

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஒரு வாரம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

கட்டுரை வந்த சில நாளில், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே ரஸ்தாளி போட்டிருக்கும் விவசாயி ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். நாங்கள் ஆய்வு செய்த தோட்டங்களில் அவருடையதும் ஒன்று. விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்த எங்கள் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"மேடம், டேபிள்ல ஊர் பேரோட இருக்கிற நாலாவது தோட்டம் என்னுதுதானே? நோயே இல்லைன்னு போட்டிருக்கீங்க. பாதி மரம் வாடிக் கிடந்ததை நீங்களே வந்து பார்த்தீங்களே."

தோட்டத்தில் குறித்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கணினியில் ஏற்றும்போது நாலாம் தோட்டத்துக் கணக்கையும் ஐந்தாம் தோட்டத்துக் கணக்கையும் நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன். பூட்டிய பத்திரிகையாக இருந்திருந்தால் என் தப்பு சாகும்வரை பத்திரமாக இருந்திருக்கும்.

"காலையில மூணு பேரு வாழைக்கன்னு கேட்டு வந்துட்டாங்க. உங்க தோட்டம் சுத்தம்னு காலேஜ்லயே எழுதியிருக்காங்களேன்னு. என் கன்னைக் கொண்டுபோய் வச்சா அவங்க மண்ணும் கெட்டுடும். சீக்கிரம் மாத்துங்க."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ள கூட்டிட்டுப் போய் வாடின மரத்தைக் காமிச்சு அனுப்பிட்டேங்க."

பாதித் தோட்டத்தை இழந்த மனிதர், கொஞ்சமாவது மீளக் கிடைத்த வழியையும் தானே அடைத்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். பதறிப்போய் எழுந்து நின்றார்.

அன்றே பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினோம். 'சொன்னேன் பாத்தியா' என்று தோழி ஒரு வார்த்தை சொல்லவில்லை, புண்ணியவதி. பிறகு அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டோம்: 'தவறு எங்களுடையது. நோய் இல்லாதது ஐந்தாம் எண் தோட்டம்; நாலாம் எண் தோட்டத்தில் நோய் இருக்கிறது. அங்கே கன்று வாங்க வேண்டாம்.'

முதல் பதில் அவரிடமிருந்து வந்தது: 'ரொம்ப நன்றிங்க மேடம்.'