புதுக் கைக்குப் பழகிய குதிரை

எங்கள் குதிரைக்கு வயிற்றை உப்பவைத்துக்கொள்ளத் தெரியும். பிடிக்காத ஆள் சேணம் கட்ட வந்தால் மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்ளும். அவர் வாரை இறுக்கி முடித்ததும் மெதுவாக மூச்சை விடும்; வார் தொளதொளவென்று ஆகிவிடும். அம்மாவிடம் மட்டும் அது இந்த வேலையைக் காட்டியதில்லை. அம்மா அவசரப்பட மாட்டாள். கழுத்தைத் தடவிக்கொடுத்து, கொஞ்சம் நடக்கவிட்டு, பிறகுதான் வாரை இறுக்குவாள். அப்பா ஆலை வேலைக்குப் போய்விடுவதால், ஃபிஜித் தீவின் ரக்கிரக்கியில் எங்கள் கரும்புத் தோட்டத்து உழவும் குதிரையும் அம்மாவின் பொறுப்பு.

தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்ன வருடம் அது. எங்கள் நிலக் குத்தகையும் அந்த வருடமே முடிந்தது. அப்பாவும் அம்மாவும் நவுவாவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே குதிரைக்கு இடம் கிடையாது. லவுத்தோக்காவில் துணிக்கடை வேலையை விட்டுவிட்ட மாமாவும் அத்தையும், சிட்னிக்குப் புறப்படும்வரை எங்களோடு தங்க வந்தார்கள். என்னையும் அவர்களோடு அனுப்பிப் படிக்கவைக்கப் போவதாகப் பேச்சு. எனக்கோ, விமானத்தில் ஏறப்போகிறோம் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

மாமாவுக்குத் துணி அளந்து பழகிய கை. ஆனால் வாய் பெரிது. குதிரையை ஊர் இந்தியில் 'கோடா' என்றுதான் சொல்வார்; வந்த மறுநாளே அதைப் பிடித்தார். "கோடாவுக்கு எசமான் யாருன்னு மொதல்லயே காட்டிடணும்" என்றபடி கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தார். குதிரை காதைப் பின்னுக்கு மடக்கியது. பணிந்துவிட்டது என்று மாமா எடுத்துக்கொண்டார். வாரை இறுக்கி, ஏறி உட்கார்ந்து, எங்கள் வேலி முனைவரை ராஜா மாதிரி போனார். அங்கே சேணம் அப்படியே சரிந்து அவரை வாய்க்காலில் இறக்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சேறும் சகதியுமாக எழுந்தவர் ஒரு கரும்பை ஒடித்துக் குதிரையின் முகத்திலேயே அடித்தார். அம்மா ஓடிவந்து கரும்பைப் பிடுங்கி எறிந்தாள். என் சிரிப்பு நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து அம்மாவைத் தவிர யார் கிட்டே போனாலும் குதிரை பின்பக்கத்தைத் திருப்பிக் காலைத் தூக்கியது. பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர் ஒருவர் அதை வளர்க்க ஒப்புக்கொண்டிருந்தார். அவரையும் அண்டவிடவில்லை.

"எவனும் கொண்டுபோவ மாட்டான். கறிக்குத்தான் குடுக்கணும்" என்றார் மாமா. நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அம்மா தீனி வாளியை அந்த ஃபிஜியரின் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் குதிரைப் பக்கமே போகவில்லை. அவர் காலையும் மாலையும் வருவார். குதிரைக்கு "புலா" என்று வணக்கம் சொல்வார். கரும்புத் தோகையைப் போட்டுவிட்டு, தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கையை நீட்டவே மாட்டார். குதிரையோ தோகையைத் தொடாமல் எங்கள் அடுப்படியைப் பார்த்துக் கனைக்கும். அம்மா தலையைத் தூக்க மாட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அது ஒன்னத்தாம்மா கூப்புடுது. காது கேக்கலையா?"

"கேக்குது. நான் போயி நின்னா அது என்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். அவருகிட்ட எப்பப் போவும்?"

அம்மாவுக்குக் கல் மனசு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

நாளாக நாளாகக் கனைப்பு குறைந்தது. முதலில் அவர் போன பிறகு தின்றது; பிறகு அவர் இருக்கும்போதே தின்றது. ஒரு காலையில் தானாகவே போய் அவர் தோளில் மூக்கை வைத்தது. கடிவாளம்கூட இல்லை, வெறும் கயிற்றில் அவர் பின்னால் நடந்து போயிற்று. அது திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் வெளியே வரவில்லை. இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம்.

குதிரை பழகிக்கொண்டிருந்த அதே நாட்களில் அம்மா என் சீப்பையும் அத்தை கையில் கொடுத்துவிட்டாள்; எனக்குத் தலை பின்னிவிட்டது அத்தை. சோறு பிசைந்து கொடுத்ததும், பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொன்னதும் அத்தைதான். வீட்டைக் காலிசெய்கிற வேலையில் அம்மாவுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாந்தி விமான நிலையத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் போனேன். பொட்டுக் கண்ணீர் விடவில்லை. தள்ளி நின்றிருந்த அம்மா என்னைக் கூப்பிடவும் இல்லை. என்ன சமத்துப் பெண் என்று மாமா மெச்சிக்கொண்டே வந்தார். அந்தச் சமத்து என்னுடையது என்றுதான் நானும் நம்பினேன்.