லவ்டேல் ஏற்றத்தில் எங்கள் எண்ணூறு

என் அப்பாவுக்கு வம்சாவளி சொல்வதில் பெரிய பிரியம். மனிதர்களின் வம்சாவளி அல்ல; அதில் தன் தாத்தாவின் பெயரே அவருக்குச் சந்தேகம்தான். அவர் சொன்னதெல்லாம் ஒரு காரின் வம்சாவளி. முதலில் பிறந்தது எண்ணூறு. நடுத்தரக் குடும்பத்தைக் காரில் ஏற்றிவைத்த சின்ன வண்டி. அடுத்து அதே மூன்று சிலிண்டர் இஞ்சினை முன் சீட்டுக்கு அடியில் வைத்து ஒரு வேன் செய்தார்கள், அது ஆம்னி ஆயிற்று. வெகு காலம் கழித்து, அதே அளவு இஞ்சினோடு கடைக்குட்டியாக ஆல்டோ வந்தது. "எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்க கண்ணு," என்பார். இஞ்சினைத் திறந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கதை மட்டும்தான் தெரியும்.

வெலிங்டனில் ராணுவக் கிடங்கு ஒன்றில் சிவிலியன் ஊழியராக இருந்தார். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய வெள்ளை எண்ணூறு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. ஞாயிறு தோறும் அதைத் துடைப்பார். சீட்டில் உட்காரும் முன் நானும் அம்மாவும் செருப்பை உதறிவிட்டுத்தான் ஏற வேண்டும். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரிடம் ஆம்னி இருந்தது. குன்னூரிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார். எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினோரு பேரை ஏற்றுவதுதான் அவர் திறமை.

நான் ஐந்தாவது படிக்கும்போது, பனி கொட்டிய ஒரு காலையில் அப்பா பல் துலக்கிக்கொண்டே சரிந்து விழுந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. கை சீக்கிரம் திரும்பிவிட்டது. கால்தான் இழுத்தடித்தது. டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி நடக்க முடியுமா என்பதல்ல, கிளட்ச் மிதிக்க முடியுமா என்பது. வீட்டுச் சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து, அதன் பின்னால் பழைய தலையணையைச் செருகி, காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை மிதிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். வண்டி ஓட்டும் நாள்தான் தனக்கு உடம்பு சரியான நாள் என்று அவர் தீர்மானித்திருந்தார். அம்மாவும் நானும் அதையே நம்பினோம்.

நிற்கும் வண்டி கெட்டுப்போகும், வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுகிறேன் என்று மாமா சாவியை வாங்கிக்கொண்டார். அப்பா கண் கலங்கி நன்றி சொன்னார். அந்த நன்றிதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஏப்ரல் சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை மாமா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு குன்னூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். அங்கே அவருடைய ஆம்னியும் நின்றது. மத்தியானத்துக்குள் இரண்டு வண்டியின் இஞ்சினும் சங்கிலியில் தொங்கி இறங்கி, சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஒன்று சுத்தமாக இருந்தது, மற்றது எண்ணெய் அப்பிக் கறுத்திருந்தது. மற்றபடி அப்பா சொன்னது போலவே ஒரே முகம். கறுத்ததைத் தூக்கி எங்கள் காரில் வைத்தார்கள், சுத்தமானதை ஆம்னியில். கியர்பாக்ஸ் வேறு, பிடிமானம் வேறு, அதற்கெல்லாம் மெக்கானிக் கொஞ்சம் தட்டிக் கொட்ட வேண்டியிருந்தது. எனக்கு ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது கண்ணு," என்றார் மாமா. "சீசன் முடியட்டும், வண்டியப் புதுசாட்டம் பண்ணி நானே சொல்லிக்கறேன். அவருக்கு ஆச்சரியமா இருக்கோணும்."

ஆச்சரியம் என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு பரிசு தயாராகிறது, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று இருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. சீசன் முடிந்து பள்ளிக்கூடமும் திறந்தது. செப்டம்பரில் வரும் இரண்டாவது சீசனும் போகட்டும் என்று மாமா கண்ணடித்தார்.

ஆகஸ்டில் அப்பாவின் கால் தேறிவிட்டது. டாக்டரும் சரி என்றார். இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமுங்க மச்சான் என்று மாமா எவ்வளவோ தள்ளிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு மாமாவை முன் சீட்டில் உட்காரவைத்து, அம்மாவும் நானும் பின்னால் ஏற, கேத்தி வழியாக ஊட்டிக்குக் கிளம்பினோம். அப்பா புதுச்சட்டை போட்டிருந்தார். சமமான இடங்களில் நன்றாகவே ஓட்டினார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

லவ்டேல் ஏற்றத்தில் வண்டி திணறியது. அப்பா இரண்டாவது கியருக்கு இறக்கினார், பிறகு முதல் கியருக்கு. வளைவில் உதறி நின்றேவிட்டது. மறுபடி கிளப்பியபோது பின்னால் உருண்டது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. மூன்றாவது தடவையும் நின்றதும் அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தன் இடது தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

மாமா இறங்கி மறுபக்கம் வந்தார். "தள்ளிக்குங்க மச்சான். இனி உங்களுக்கு இதெல்லாம் வேண்டாமுங்க."

அவர் ஓட்டினார், வண்டி ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அந்தக் கிழட்டு இஞ்சினோடு எத்தனையோ சீசன் குடித்தனம் நடத்தியவர். எங்கே அலறவிட வேண்டும், எங்கே கியரைத் தொடவே கூடாது என்று அவருக்கு அத்துப்படி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதே வண்டி, அதே ஏற்றம், ஓட்டும் ஆள் மட்டும் வேறு.

அதோடு சரி. சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது. பலகையும் தலையணையும் பரணுக்குப் போயின. கொஞ்ச நாளில் வேலையையும் முன்கூட்டியே விட்டுவிட்டார். காரை மாமா எடுத்துக்கொண்டு போய், கேரட் மூட்டை ஏற்றப் பிக்கட்டி கிராமத்தில் ஒருவருக்குக் கொடுத்தார். நான் கல்லூரி முடித்த வருஷம் அப்பா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை மாமாவின் ஆம்னியில்தான் மேலே கொண்டுவந்தோம். பர்லியாறு வளைவுகளில் அது ஓரிடத்திலும் திணறவில்லை.

வேலைக்குப் போன பிறகு கோயம்புத்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக்குக் கொடுத்தது ஒரு பழைய எண்ணூறு. மருதமலை ஏற்றத்தில் அது உதறி நின்றது, பின்னால் உருண்டது. என் கால் பழகவில்லை போல என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். "உங்க கால்ல ஒரு குறையுமில்லீங்க. ரிங் தேஞ்சு இஞ்சினு போச்சு, வண்டிக்குத்தான் மூச்சில்ல."

அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அந்த மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எண்ணூறு தயாரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள், ஆம்னி தயாரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். மாமா இப்போது மூன்று வண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர். கல்யாண வீடுகளில் பார்த்தால் நலம் விசாரிக்கிறேன். அதை மட்டும் கேட்டதில்லை. கேட்டால், நீயுந்தானே பார்த்துட்டு இருந்த என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "நீ பின்னாடி இருந்து பாத்தியே கண்ணு. அப்பா கால் சரியில்லையா, வண்டி சரியில்லையா?"

வண்டி என்று சொன்னால் இஞ்சின் கதை வெளியே வந்துவிடும், ஆச்சரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"கால்தாம்ப்பா," என்றேன்.

அப்பா துணியை வாளியில் போட்டார். பிறகு ஈரக்கையால் என் தலையைத் தடவி, "உங்கம்மா எம்மனசு நோகுமுன்னு மறைக்கறா, நீயாவது உள்ளதச் சொன்னியே, அது போதும்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.