காஜா அக்காவின் இடது கை

சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பட்டன் துளைக்குக் காஜா தைத்ததால் எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. அச்சகத்து மாடியில் ஞாயிறு தோறும் கூடும் அக்கார்டியன் சங்கத்துக்கு மட்டும் அவள், அங்கே வாசிக்கும் லேத்துப் பட்டறைக்காரர் பெண்டாட்டி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

லேத்துக்காரருக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அக்கார்டியன் பெட்டியில் இடது கைதான் துருத்தியை இழுத்து அமுக்கும். காற்று போகாவிட்டால் வலது கை எத்தனை கட்டையை அமுக்கினாலும் பெட்டி ஊமை. மனுஷன் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஒரு நாள் அவள் பெட்டியை அவர் மடியில் வைத்து, இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, வாருக்குள் தன் கையை நுழைத்தாள். "நீங்க பாட்டைப் பாருங்க. காத்தை நான் பாத்துக்கறேன்."

முதலில் கண்டபடி இழுத்தாள். "இது என்ன சைக்கிள் பம்பா?" என்று எரிந்து விழுந்தார். ஒரே மாதத்தில் அவர் மூச்சு விடும் இடத்தில் இவள் துருத்தியைத் திருப்பினாள். சங்கத்தின் முதல் வரிசையில் இரண்டு வருஷம் அப்படியே வாசித்தார்கள்.

அவர் போனபின் வலது கை வேலையையும் கற்றுக்கொண்டாள். ஒன்பது மாதம் அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திக்கொள்ளட்டுமே! ஆண்டு விழாவில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோன உறுப்பினரின் பெட்டியை வார் போட்டுக் கட்டி, அந்த வருஷ விழாவில் அவர் நாற்காலியில் வைத்துவிடுவார்கள்.

"நீங்க வாசிச்சா பெட்டியை எப்படிம்மா நாற்காலியில வெக்கறது?" என்றார் சங்கத் தலைவர். "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மடியில வெச்சுக்கிட்டு அதே நாற்காலியிலதானே உக்காரப் போறேன்?"

"உறுப்பினர் அவருதாம்மா. நீங்க சும்மா கூட வந்தவங்க."

சும்மாவாம்! ஆனாலும் புருஷனுக்கு நடக்கிற மரியாதையைக் கெடுத்தவள் என்ற பேர் வேண்டாம் என்று பெட்டியைக் கொடுத்துவிட்டாள்.

விழாவில் அவளுக்குக் கடைசி வரிசை. மேடையில் கட்டிப்போட்ட பெட்டி. தலைவர் காகிதத்தைப் பிரித்தார்.

"கை விழுந்தும் அவர் மனசு விழல. ரெண்டு வருஷம் ஒத்தைக் கையாலயே வாசிச்ச மகா கலைஞர்!"

மேடையில் பத்து உறுப்பினர்கள் இருந்தார்கள். வாரா வாரம் அவள் தோளில் இடித்துக்கொண்டு வாசித்தவர்கள். ஒருத்தர் முகம்கூட மாறவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் சங்கத்துக்குப் புதுசு, அவள் யாரென்று தெரியாது. "ஒத்தைக் கையாலயா! எப்படிங்க முடிஞ்சுது?" என்று வாயைப் பிளந்தார்.

"முடியாதுங்க" என்றாள். "யாராலயும் முடியாது."

அவர் முகத்தைச் சுளித்து, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "செத்துப்போன மனுஷன் மேலயும் பொறாமை" என்று அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது.