ஃபைபர் காட்டிய அறை

என் கணவர் சவூதியில், தம்மாமில், ஏ.சி. பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் எங்கள் குடும்பம் தென்காசி வீட்டுக்கு வந்த ஒரு டெலிபோன் கம்பி வழியாகத்தான் நடந்தது. அந்தச் செம்புக் கம்பியில்தான் போனும் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. எங்கள் சந்துக்குள் செல்போன் சிக்னல் நிற்காது.

வீடியோவில் அவர் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வரும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசினால் பேச்சோடு பேச்சு முட்டி ஒன்றும் விளங்காது. அதனால் ஒருவர் சொல்லி முடித்ததும் கொஞ்சம் பொறுத்து மற்றவர் பேசுவது என்று பழகிவிட்டோம். சாரல் காலத்தில் கம்பி நனைந்து இரையும். அப்போது பேச்சே இருக்காது, கையசைப்புதான். அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும், பின்னால் நீலச் சுவர். "ரூம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாருக்கு" என்பார். நீலப் பெயின்ட் அடித்த தனி அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல் என்று நானாக ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன்.

போன வருடம் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது. வீட்டில் நானும் மாமியாரும்தான். பழைய நம்பர் மாறக் கூடாது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதுதான் தெரியும் என்று மாமி கறாராகச் சொல்லிவிட்டார். "அதே நம்பர்தான் பெரியம்மா, லைன்தான் புதுசு" என்று லைன் போட வந்தவர்கள் உறுதி சொன்ன பிறகே அவர்களை உள்ளே விட்டார்.

ஒருவர் தெருக் கம்பத்தில் ஏறினார். இன்னொருவர் ஜன்னலோரம் துளை போட்டு, மெல்லிய கறுப்பு வயரை உள்ளே இழுத்தார். அதைச் சீவியதும் முடி போல ஒரு கண்ணாடி இழை வெளியே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இதுக்குள்ள என்ன தம்பி போகுது?" என்று கேட்டார் மாமி.

"வெளிச்சம் பெரியம்மா."

"வெளிச்சத்துல எப்படி எம்மவன் குரலு வரும்?"

அவர் சிரித்தார். "அது எனக்கும் முழுசாத் தெரியாது. இழைய ஒட்டத் தெரியும், அவ்வளவுதான்."

லைன் சரியா என்று பார்க்க, கம்பத்தில் இருந்தவர் தன் பக்கத்து முனையில் பேனா போன்ற ஒரு விளக்கைப் பொருத்தினார். இங்கே இழை நுனியில் சிவப்பாக ஒளி வந்தது. "கண்ணுகிட்ட கொண்டுபோகாதீங்க அக்கா. கையில விழ வச்சுப் பாருங்க" என்றார் உள்ளே இருந்தவர். என் உள்ளங்கையில் மருதாணிப் பொட்டு மாதிரி விழுந்தது. விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து கூப்பிட்டார். அங்கே நெட் எப்போதும் நன்றாகத்தான் இருந்ததாம், இடைஞ்சல் எங்கள் பக்கம்தான். முகம் பளிச்சென்று வந்தது. தாடியில் நரை இவ்வளவு ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. பின்னால் பார்த்தேன்.

"மச்சான், சுவரு ஆடுது."

"என்னது?"

"உங்களுக்குப் பின்னால சுவரு ஆடுது. அந்த நீலத்துல பூவெல்லாம் போட்டிருக்கு."

லைன் இப்போது தாமதிப்பதில்லை. அவர்தான் தாமதித்தார்.

"பெட்ஷீட்டு" என்றார் கடைசியில். "கட்டிலச் சுத்திக் கட்டியிருக்கேன்."

"விலக்கிக் காட்டுங்க."

"எதுக்கு? ஆளுக இருக்காங்க."

"சும்மா பாக்கத்தான்."

திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு துணியை ஒதுக்கினார். இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசையாக நின்றன. கயிற்றில் கைலிகள் காய்ந்தன. கட்டிலுக்கடியில் பெட்டிகள். ஒருவர் அவசரமாகச் சட்டையை மாட்டினார். மேல் கட்டிலிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு ஸலாம் சொன்னது.

வருத்தம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது கேள்விதான். மேலே படுத்திருப்பவர் எந்த ஊர்? ஜன்னல் எங்கே? ராத்திரி லைட்டை யார் அணைப்பது? நான் கேட்கக் கேட்க அவர் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மேலே இருந்தவர் எங்கள் பக்கத்து ஊரான புளியறைக்காரர். "அங்கன மழையா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா, வேலைய விட்டுட்டு வந்துருங்கன்னு சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன்" என்று அவர் முடிப்பதற்குள் நான் சொன்னேன். "பாத்தியா" என்று என் பேச்சோடு சேர்த்து அவரும் சொன்னார். இரண்டும் தெளிவாகக் கேட்டன. இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அதுவரை தள்ளி உட்கார்ந்திருந்த மாமி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"ஏலே, அங்கன யாரு சமைக்கா?"

"முறை வச்சுச் சமைக்கோம் உம்மா. இன்னைக்கு என் முறை."

"நீயா?" மாமிக்குச் சிரிப்பில் புரையேறியது. இந்த வீட்டில் என் கணவர் தான் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை. "காட்டுலே, பாப்போம்."

அவர் அடுப்படிக்குப் போய் எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்தார். வெங்காயத்தை எடுத்து, கண்ணைச் சுருக்காமல், மளமளவென்று அரிந்தார். கத்தியைப் பிடித்த விதம், ஓரத்தைத் தட்டி ஒதுக்கிய விதம் எதையும் நான் முன்னால் பார்த்ததில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுப்பில் ஏற்கெனவே ஏற்றியிருந்த மீன் ஆணம், அதாவது குழம்பு, கொதித்துவிட்டது. மாமி திரையை மூக்கருகே கொண்டுபோனார்.

"புளி பத்தாதுலே."

"ருசி பாக்காம எப்படி உம்மா தெரியும்?"

"நிறம் தெரியுதுல்லா!"

அவர் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினார். பின்னாலேயே வந்திருந்த புளியறைக்காரர் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"உம்மா சொன்னதுதான் சரி" என்றார்.