எல்லோருக்கும் பதினெட்டு

நதியா சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பெற்றோரோடு திருப்பூர் வந்தவள், நர்சிங் படித்து, அவர்கள் இருவரும் இறந்த பின்னும் இங்கேயே தங்கிவிட்டாள். வயது நாற்பத்தொன்று. லைன் வீட்டில் ஒற்றை அறை. பதினாறு வருடமாக ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை.

போன ஆண்டு டாக்டர் தரணி அவளைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், வந்து ஒரு நாளைக்குள்ள இறந்து போனவங்க கேஸ் ஷீட்டையெல்லாம் எடுத்துப் பாருங்க. வரும்போதே நமக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருக்கோணுமுங்க."

மதிய நேரங்களில் உட்கார்ந்து அறுபத்து மூன்று பேரின் தாள்களைப் பிரித்தாள். விபத்தில் வந்தவர்கள் அவள் நினைத்ததைவிடக் குறைவு. பலர் நடந்தே வந்திருந்தார்கள். காய்ச்சலையும் மூச்சிரைப்பையும் நாலைந்து நாள் பொறுத்துக்கொண்டு ஷிப்ட் பார்த்தவர்கள். பாதிப்பேருக்கு உடன் வந்தவர் பெயர் இல்லை. ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லோருக்கும் பதினெட்டு. சாகக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் சீராகவா மூச்சு விட்டார்கள்? யாரும் எண்ணவில்லை. கூட்ட நெரிசலில், நலமாக இருப்பவருக்கு வரும் எண்ணைப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

ராமாயி, வயது முப்பத்தெட்டு, மூன்று மணி நேரத்தில் இறப்பு. அந்தப் பதினெட்டு நதியாவின் கையெழுத்து.

அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வீட்டுக்குப் போனதும் யாரிடமாவது சொல்லலாமென்று போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம்தான் சொன்னாள். "இதுல என் கையெழுத்தும் இருக்கு சார்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இனி எண்ணிப் போடுங்க சிஸ்டர்" என்றதோடு சரி.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் முழு ஒரு நிமிடம் எண்ணினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆடி மாதத்தில் சீனிச்சாமி என்ற டெய்லர் வந்தார். அவள் ஊருக்குப் பக்கத்து கோவில்பட்டிக்காரர்.

"கூட யாரு வந்திருக்கா அண்ணாச்சி?"

"யாருமில்ல தாயி. லேசா மூச்சு இரைக்கி. ஒரு ஊசி போட்டா போயிருவேன்."

பார்வைக்கு ஆள் தெளிவாகத்தான் இருந்தார். எண்ணினாள். முப்பத்து நாலு. வரிசையை அப்படியே விட்டுவிட்டு, அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி நேரே டாக்டரிடம் கொண்டுபோனாள். நிமோனியா முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது.

ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் நதியா மாடி வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே நிற்பாள். ஊரில் மழை உண்டா, கம்பு விதைத்தார்களா என்று பேசுவார்கள். அந்த ஊர்ப்பேச்சு அவள் காதில் விழுந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

விடுமுறை முடிந்து ஒரு திங்கட்கிழமை போனபோது, கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். "அவரு நேத்தே ஊட்டுக்குப் போயிட்டாருங்க" என்றாள் வார்டு ஆயா பழனாயி. ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்க நினைத்து, கேட்காமலே கீழே இறங்கினாள்.