வெள்ளையடித்த பாலம்

வீரமலையைப் போல ஒரு கேங் மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. ஜீயபுரம் பக்கம் நான்கு மைல் ரோடும், அதைப் பழுது பார்க்கும் ஆறு கூலியாட்களும் அவர் பொறுப்பு. நான் திருச்சியில் ரோடு ஆபீஸ் குமாஸ்தா. மற்ற மைல்களிலிருந்து பள்ளம், குழி என்று மனு வந்து குவியும். அவருடைய நான்கு மைலிலிருந்து ஒரு காகிதம் வராது. சரளை பெயர்ந்தால் மறுநாளே அடைத்துவிடுவார். மைல்கல்லுக்கு வெள்ளையடிப்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு பித்து.

இதில் ஒரு கேடும் உண்டு. புகார் வராத ரோட்டுக்கு ஆபீஸில் யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். "வீட்டைவிட ரோட்டைத்தான் நல்லா வச்சிருக்காரு. அப்புறம் கவர்மெண்டு எதுக்குக் காசு குடுக்கப் போவுது?" என்று அவர் மனைவி பொன்னுத்தாய் என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

1959 கோடையில் வீரமலை முதல்முறையாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். வாய்க்கால் மேலிருந்த சிறுபாலத்தின் அடிச்சுவரில் விரிசல். போன மழையில் தண்ணீர் அஸ்திவாரத்தை அரித்திருந்தது.

"இன்னொரு வெள்ளம் தாங்காதுங்க. வாழைத்தார் வண்டி, பஸ்ஸு எல்லாம் அதுமேலதான் போவுது" என்றார்.

அந்த வருஷத்துப் பணத்தில் ஒரே ஒரு பாலத்தைத்தான் புதிதாகக் கட்ட முடியும். உப்பிலியபுரம் பக்கத்திலும் ஒன்று கேட்டிருந்தார்கள். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இன்ஜினியர் சொன்னார்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாளே வழி நெடுக வெள்ளையடித்துவிடுவார்கள். ரோட்டுக்காரர்களுக்கு அதுதான் தீபாவளி.

ஜீப்பில் ஃபைலோடு நானும் போனேன். பாலத்தருகே இறங்கியதும் திகைத்துப்போனேன். கைப்பிடிச் சுவர் பளபளவென்றிருந்தது. வாய்க்காலில் இறங்கிப் பார்த்தால் விரிசலையே காணோம். சுண்ணாம்புக் காரையால் அடைத்து, அதன்மேல் இரண்டு பூச்சு வெள்ளையும் அடித்திருந்தார் வீரமலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்படியே வாய்க்காலில் தள்ளலாம் போலிருந்தது.

"விரிசல்னு எழுதியிருக்கீங்க, எங்கய்யா இருக்கு? நல்லாத்தானே இருக்கு" என்று இன்ஜினியர் ஃபைலை மூடி என்னிடம் நீட்டிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

தான் செய்த காரியம் வீரமலைக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"ஐயா, ஒரு நிமிஷம் இருங்க!"

கடப்பாரையோடு இறங்கி, தன் கையால் பூசியதைத் தானே கொத்தினார். காரை விழுந்தது. பின்னாலேயே நாலைந்து செங்கல்லும் சரிந்தன. உள்ளே ஒரு ஆள் கையைத் தோள்வரை விடலாம்.

"யாரு இதை மூடினது?" என்று இன்ஜினியர் கத்தினார்.

"நான்தாங்க. நீங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருக்கக்கூடாதேன்னு..."

பாலத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். சேதத்தை மறைத்த குற்றத்துக்காக வீரமலைக்கு ஒரு வருஷ இன்கிரிமெண்டை நிறுத்தினார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் வாங்கிய ஒரே தண்டனை. அந்த உத்தரவைக் கொடுக்கும் பாவம் என் தலையில் விழுந்தது. அதைப் படித்துக் காட்டினேன்.

கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையை வேட்டியில் துடைத்தார்.

"மழைக்கு முன்னாடி வேலைய ஆரம்பிச்சிருவாங்களாங்க?" என்று மட்டும் கேட்டார்.